ஷப்லி: இனிப்பில்லாத ஒயினும் பிரியாத குடும்பமும்

நமது சங்க இதழில் ஒயினைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரமே வைத்த வள்ளுவரைப் போற்றுகிறவர்கள் நாம். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: யாரையும் குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. முப்பது ஆண்டுகள் மும்பை ஓட்டல்களில் உணவகப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து காபி அருந்திக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"மருமகன் வெளிநாட்டிலிருந்து ஒரு பிரெஞ்சு ஒயின் பாட்டில் கொண்டுவந்தார் சார். சர்க்கரையும் இல்லை, வாயில் வைத்தால் புளிக்கிறது. விலையோ ஆயிரக்கணக்கில். இதில் அப்படி என்னதான் இருக்கிறது?"

நியாயமான கேள்வி. ஒரு கப் காபி ஆறுவதற்குள் பதில் சொல்லி முடிக்க முடியவில்லை. அந்தப் பதில்தான் இக்கட்டுரை. அவர் வீட்டுக்கு வந்த பாட்டில் ஷப்லி என்ற ஊரின் வெள்ளை ஒயின். நல்ல வேளையாக, அந்த ஊரை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

ஒயின் தமிழர்களுக்கு முற்றிலும் புதிய சமாசாரமும் அன்று. யவனர் கப்பலில் கொண்டுவந்த மதுவைப் பாண்டிய மன்னன் அருந்துவதைப் புறநானூறு பாடுகிறது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் தோண்டியபோது ஒயின் வந்த மண்சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. தெளிந்த மதுவுக்குத் 'தேறல்' என்று அழகான பெயரும் நம்மிடம் இருந்தது.

'ட்ரை' என்றால் என்ன?

நண்பர் வீட்டு பாட்டிலைப் பற்றி மருமகன் 'ட்ரை ஒயின்' என்று சொன்னாராம். ஈரமான ஒரு பொருளை உலர்ந்தது என்று சொல்வது எப்படி என்று அவர் வீட்டில் சிரித்திருக்கிறார்கள். பிரெஞ்சிலும் இதற்கு 'ஸெக்', அதாவது உலர்ந்தது என்றே பெயர். பொருள் இதுதான்: சர்க்கரை எஞ்சியிராத ஒயின்.

பறித்த திராட்சையின் சாற்றில் லிட்டருக்கு ஏறத்தாழ 200 கிராம் சர்க்கரை இருக்கும். நம் வீட்டுப் பாயசத்தோடு போட்டி போடக்கூடிய இனிப்பு. இட்லி மாவு புளிப்பதுபோல இந்தச் சாறும் நொதிக்கிறது. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. சுமார் 17 கிராம் சர்க்கரை கரைந்தால் ஒரு லிட்டரில் ஒரு சதவிகிதம் ஆல்கஹால் சேரும். 200 கிராமும் தீர்ந்தால் 12 சதவிகிதத்துக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும். நடுவழியில் நொதித்தலை நிறுத்தினால் இனிப்பு ஒயின். கடைசிவரை விட்டுவிட்டால் ட்ரை ஒயின்.

இதில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. இனிப்பு நிறைய குறைகளை மூடிவிடும். காப்பிக்கொட்டை சுமாராக இருந்தால் சர்க்கரையைக் கூட்டிப் போடுவோம் அல்லவா? சர்க்கரை போன பிறகு ஒயினுக்கு மறைவிடம் இல்லை. பழம் சரியாகப் பழுத்ததா, அழுகல் பழம் கலந்ததா, பீப்பாய் சுத்தமாக இருந்ததா, எல்லாம் நாக்கில் தெரிந்துவிடும். ட்ரை ஒயினின் கவர்ச்சியே இந்த ஒளிவுமறைவில்லாத தன்மைதான்.

அப்படியானால் புளிப்பு? அது குறை அல்ல, முதுகெலும்பு. திராட்சையின் முக்கியமான புளிப்பு டார்டாரிக் அமிலம். நம் புளியில் இருப்பதும் அதே டார்டாரிக் அமிலம்தான். இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. எண்ணெயும் நெய்யும் சேர்ந்த சாப்பாட்டுக்குப் பிறகு ரசம் எதற்கு வருகிறது? நாவைத் துடைத்து, அடுத்த கவளத்துக்குத் தயார் செய்ய. பிரெஞ்சுக்காரன் சாப்பாட்டு மேஜையில் இந்த ஒயின் செய்வதும் அதே வேலைதான். ரசத்தை ரசித்து வளர்ந்த நாக்குக்கு இது அந்நியம் ஆகாது என்பது என் அனுபவம்.

ஊரும் மண்ணும்

ஷப்லி ஒரு சிற்றூர். பாரிஸுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 180 கிலோமீட்டரில், பர்கண்டிப் பகுதியின் வடகோடியில், ஸெரேன் என்ற சிறு நதியின் கரையில் இருக்கிறது. இங்கே ஷப்லி என்ற பெயரில் விற்கும் ஒயினுக்கு ஒரே ஒரு திராட்சைதான் அனுமதி. அதன் பெயர் ஷார்தொனே.

அருகிலுள்ள பொந்திஞி மடம் 1114இல் நிறுவப்பட்டது. அந்த மடத்துச் சிஸ்டர்சியன் துறவிகள் இங்கே திராட்சைத் தோட்டங்கள் வைத்து வளர்த்தார்கள். ஏறக்குறைய ஒன்பது நூற்றாண்டுகளாக அதே சரிவுகளில் அதே பயிர். காவிரிக் கரையில் தலைமுறை தலைமுறையாக நெல் விளைவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தால் வெளிர் சாம்பல் நிறத்தில் சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் கலந்திருக்கும். அதற்குள் கமா அடையாளம் போல வளைந்த சின்னஞ்சிறு சிப்பிகளின் புதைபடிவங்கள். சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இவ்விடம் கடலாக இருந்தது. இங்கிலாந்தின் கிமெரிட்ஜ் என்ற கிராமத்தின் பெயரால் இந்த மண்ணைக் கிமெரிட்ஜியன் மண் என்கிறார்கள்.

ஷப்லியைக் குடித்தால் கல்லின் சுவையும் கடல் காற்றின் உப்பும் தெரியும் என்று ரசிகர்கள் எழுதுவார்கள். சிப்பியின் சுவை வேர் வழியாக ஏறி வருகிறது என்றுகூட ஓட்டலில் நாங்கள் விருந்தினர்களுக்குக் கதை சொன்னதுண்டு. மண்ணியல் அறிஞர்கள் இதை ஏற்பதில்லை. கல்லின் சுவை அப்படியே பழத்துக்கு வராது. மண் செய்வது வேறு வேலை: மழை நீரை வடியவிடுகிறது, கோடையில் கொஞ்சம் ஈரத்தைப் பிடித்துவைக்கிறது, கொடியை அளவோடு வளரவிடுகிறது. குளிர்ந்த ஊர் ஆகையால் பழம் மெதுவாகப் பழுக்கிறது, புளிப்பு தங்குகிறது. கல் என்று நாம் நினைக்கும் சுவை பெரும்பாலும் இந்தப் புளிப்பும் இனிப்பின்மையும் சேர்ந்து தரும் உணர்வு. காரணம் எதுவானாலும் ருசி இருப்பது உண்மை.

சரிவுகளின் தரத்தைப் பொறுத்து நான்கு படிகள் உண்டு: பெத்தி ஷப்லி, ஷப்லி, பிரெமியே க்ரு, க்ராண் க்ரு. மேல்படியான க்ராண் க்ரு, ஊருக்கு எதிரே தென்மேற்கு வெயிலைப் பார்த்த ஒரே குன்றில் சுமார் 100 ஹெக்டேர் மட்டுமே. லே க்ளோ, வோதெஸீர், வால்மூர் என்று ஏழு பகுதிகள் அதில் உண்டு. ஷப்லி என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு 1938இல் கிடைத்தது.

ஏப்ரல் மாத இரவுகள்

இந்த ஊர் ஒருமுறை அழிவின் விளிம்புவரை போய் மீண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஷப்லி இருக்கும் யோன் மாவட்டம் முழுவதும் சுமார் 40,000 ஹெக்டேரில் திராட்சை இருந்தது. இரயில் வந்ததும் தெற்கத்தி மலிவு ஒயின் பாரிஸில் குவிந்து இவர்களுடைய சந்தையைப் பிடித்துக்கொண்டது. பிறகு அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி கொடிகளை அழித்தது. அதன்பின் உலகப் போர் ஆண்களைக் கொண்டுபோயிற்று. 1950களில் ஷப்லியில் எஞ்சியது ஏறத்தாழ 500 ஹெக்டேர்தான். இன்று 5,000 ஹெக்டேருக்கு மேல்.

எல்லாவற்றையும் விடக் கொடிய எதிரி உறைபனி. ஏப்ரலில் கொடி துளிர்க்கும். அந்த நேரத்தில் ஒரே ஓர் இரவு வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு மூன்று டிகிரி இறங்கினால் போதும், துளிர் கருகி அந்த ஆண்டு விளைச்சல் போய்விடும். 1945இல் ஏறத்தாழ முழு விளைச்சலும் போயிற்று. அண்மையில் 2016, 2017, 2021 ஆகிய ஆண்டுகளிலும் பலத்த சேதம்.

பாதுகாப்பு முறைகள் இரண்டு. ஒன்று, வரிசைகளுக்கு நடுவே மெழுகு வாளிகளையோ எண்ணெய் அடுப்புகளையோ கொளுத்திவைப்பது. ஒரு ஹெக்டேருக்கு 300, 400 வாளிகள் வேண்டியிருக்கும். இரண்டாவது முறை கேட்க விசித்திரமாக இருக்கும். கொடிமேல் தண்ணீர் தெளிப்பது! தண்ணீர் பனிக்கட்டியாக உறையும்போது கொஞ்சம் வெப்பத்தை வெளிவிடுகிறது. பள்ளியில் படித்த உள்ளுறை வெப்பம் இதுதான். தெளிப்பு தொடரும்வரை பனிக்கூட்டுக்குள் துளிர் பூஜ்ய டிகிரியை ஒட்டியே இருந்து உயிர் பிழைக்கிறது. வெயில் வந்து பனி உருகத் தொடங்கும்வரை குழாய் ஒரு நிமிடம்கூட நிற்கக்கூடாது. நடுவில் நின்றால், தெளிக்காமல் இருந்ததைவிட நஷ்டம் அதிகம்.

உலகம் வெப்பமாகிக்கொண்டு வருகிறதே, உறைபனி குறையாதா என்று கேட்கலாம். குளிர்காலம் இளகியதால் கொடி முன்கூட்டியே துளிர்த்து, பின்னால் வரும் பனியில் மாட்டிக்கொள்கிறது. அறுவடையும் முந்திவிட்டது. முன்பு செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரிலும் பறித்த பழத்தை 2020இல் ஆகஸ்ட் இறுதியிலேயே பறிக்கத் தொடங்கினார்கள். வெயில் கூடினால் புளிப்பு குறையும். புளிப்புக்காகவே பெயர் பெற்ற ஊருக்கு இது சிறிய கவலை அல்ல.

பாரிஸில் இருக்கும் என் மகளைப் பார்க்க 2017 மே மாதம் போனபோதுதான் ஷப்லிக்குச் சென்றேன். பத்து ஹெக்டேர் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தின் தோட்டம். குடும்பத்தின் மூத்த மகள், ஐம்பது வயதிருக்கும், எங்களை வரவேற்றார். சில நாட்களுக்கு முன்புதான் உறைபனி. கருகிய துளிர் ஒன்றைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். தேயிலைத் தூள் போல நொறுங்கியது. தொடர்ந்து பல இரவுகள் தானும் கணவரும் தூங்கவில்லை என்றார் அவர். கீழ்ச்சரிவில் பாதி போயிற்று, மேல்சரிவு தப்பியது. அதைச் சொல்லும்போது அவர் குரலில் புலம்பல் இல்லை. நம் ஊர்ப் பெரியவர்கள் மழை பொய்த்த கதையைச் சொல்லும் அதே நிதானம்.

பாட்டில் மேல் எழுதியிருப்பது

குடும்பத் தோட்டத்து ஒயினை அடையாளம் காண்பது எப்படி? பாட்டிலின் தாளில் 'தொமேன்' என்ற சொல் இருந்தால், அந்தப் பழம் அவர்களே பயிரிடும் நிலத்தில் விளைந்தது என்று பொருள். 'மி ஆன் பூத்தேய் ஓ தொமேன்' என்றிருந்தால் பாட்டிலில் அடைத்ததும் அங்கேயேதான். வியாபார நிறுவனங்கள் பல விவசாயிகளிடம் பழமோ சாறோ வாங்கிக் கலந்து தம் பெயரில் விற்பதும் உண்டு. முற்காலத்தில் அதுவே வழக்கம். பாட்டில் இயந்திரமும் பாதாள அறையும் வைக்க வசதியில்லாத சிறு குடும்பங்கள் சாறாகவே விற்றுவிடும். அப்படிப்பட்டவர்கள் ஒன்றுசேர்ந்து 1923இல் லா ஷப்லிஸியென் என்ற கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்கள். இன்றும் அது நல்ல பெயரோடு நடக்கிறது.

குடும்பத் தோட்டம் என்பதாலேயே ஒயின் உயர்ந்ததாகிவிடாது. அலட்சியமான குடும்பமும் உண்டு, அக்கறையான நிறுவனமும் உண்டு. ஆனால் ஒன்று: தன் பெயரே பாட்டில்மேல் இருக்கும்போது, பனி இரவில் எழுந்து போவது யார் என்ற கேள்விக்கு இடமில்லை. ஷப்லியில் ராவனோ, டோவிஸா என்ற இரண்டு குடும்பங்களின் ஒயினுக்கு உலகெங்கும் காத்திருப்பவர்கள் உண்டு. இரண்டும் கொண்டுகொடுத்த சம்பந்திக் குடும்பங்கள் என்பது நம்மவர்களுக்குச் சுவையான செய்தி. பலர் எஃகுத் தொட்டியில் செய்யும் காலத்திலும் இவர்கள் பழைய மரப்பீப்பாயை விடவில்லை. 132 லிட்டர் கொள்ளும் 'ஃபொய்யெத்' என்ற சிறு பீப்பாய் அவ்வூரின் பழைய அளவை.

பாகப்பிரிவினை

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம்.

பிரான்ஸில் 1804ஆம் ஆண்டு நெப்போலியன் சட்டத் தொகுப்பு, சொத்தில் பிள்ளைகள் எல்லோருக்கும் சமபங்கு என்றது. மகளுக்கும் உண்டு. இன்றைய சட்டப்படியும் தகப்பன் விரும்பினாலும் ஒரு பிள்ளையை முற்றிலும் ஒதுக்க முடியாது. ஒரு பிள்ளை இருந்தால் சொத்தில் பாதி, இரண்டு என்றால் மூன்றில் இரண்டு பங்கு, மூன்றும் அதற்கு மேலும் என்றால் முக்கால் பங்கு பிள்ளைகளுக்கே சேரவேண்டும்.

நியாயமான சட்டம்தான். ஆனால் நிலம் ரப்பர் அல்லவே. பர்கண்டியில் க்ளோ த வூஜோ என்ற ஒரே மதிலுக்குள் இருக்கும் சுமார் 50 ஹெக்டேர் தோட்டத்துக்கு இன்று ஏறத்தாழ 80 சொந்தக்காரர்கள். ஒவ்வொருவருக்கும் சில வரிசைகள். அதோடு வாரிசு வரி வேறு. நிலத்தின் சந்தை விலைமீது அரசு வரி கேட்கும்போது, கட்டப் பணமில்லாமல் பெருநிறுவனங்களுக்கு விற்ற குடும்பங்கள் உண்டு.

இதற்கு ஒரு வழி 1970ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. வேளாண் நிலக் கூட்டமைப்பு என்று அதைத் தமிழில் சொல்லலாம். நிலம் ஒரே துண்டாகக் கூட்டமைப்பின் பெயரில் இருக்கும். பிள்ளைகளுக்குக் கிடைப்பது நிலத் துண்டு அல்ல, பங்குகள். ஊரில் தங்கிப் பயிரிடுகிறவர் கூட்டமைப்புக்குக் குத்தகை கட்டுவார். வெளியூரில் இருப்பவர்களுக்கு அவரவர் பங்குக்கேற்ப அதிலிருந்து வருமானம். யாராவது பங்கை விற்க நினைத்தால் முதலில் உடன்பிறந்தவர்களிடம் கேட்கவேண்டும் என்று விதி எழுதிக்கொள்ளலாம்.

நாங்கள் பார்த்த குடும்பத்திலும் இதே ஏற்பாடுதான். மூத்தவர் தோட்டத்தில். தம்பி லியோன் நகரத்தில் ஆசிரியர், தங்கை பாரிஸில் நர்ஸ். "குத்தகைப் பணம் பெரிதில்லை. ஆனால் அறுவடைக்கு இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கும் எந்த வரிசை எந்தத் தாத்தா நட்டது என்று தெரியும்" என்றார் அந்த அம்மாள். என் மகள் மொழிபெயர்த்துச் சொன்னாள். நான் பதில் பேசவில்லை.

ஏனென்றால் எங்கள் ஊரில் எங்களுக்கு மூன்று ஏக்கர் நஞ்சை இருந்தது. அண்ணன் தம்பிகள் நால்வர். மூவர் வெளியூரில், ஒருவர் ஊரில். அப்பா காலமான பிறகு 1994இல் பங்கு பிரித்தோம். முக்கால் ஏக்கரை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? ஊரில் இருந்த தம்பி, "நானே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறேன் அண்ணா, விற்கவேண்டாம்" என்று கடிதம் எழுதினான். பம்பாயில் ஃப்ளாட்டுக்கு முன்பணம் கட்டவேண்டிய அவசரம் எனக்கு. என் பங்கை விற்றேன். மற்றவர்களும் விற்றார்கள். தம்பி தன் முக்கால் ஏக்கரோடு நாலு வருடம் போராடிவிட்டு, அதையும் கொடுத்துவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போனான். அவன் அந்தக் கடிதத்தைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

சுவைக்கும் முறை

அன்று அந்த அம்மாள் 2014ஆம் ஆண்டு பாட்டில் ஒன்றைத் திறந்தார். வெளிர் பொன்னிறத்தில் லேசான பச்சைச் சாயல். முதலில் எலுமிச்சைத் தோலும் பச்சை ஆப்பிளும் போன்ற மணம். பிறகு மழை பெய்த பாறையின் வாசனை. வாயில் வைத்ததும் புளிப்பு, ஆனால் பல் கூசவில்லை. பச்சை ஆப்பிளில் இருக்கும் மாலிக் அமிலத்தை ஒருவகை நுண்ணுயிர், தயிரில் இருக்கும் லாக்டிக் அமிலமாக மாற்றிவிடுவதால் வரும் மென்மை அது. விழுங்கிய பிறகும் அரை நிமிடம் நாவில் ஒரு சுத்தமான உப்புச் சாயல். இரண்டு வாய்தான் அருந்தினேன். அதற்கு மேல் தேவைப்படவில்லை.

பழக்கம் உள்ளவர்களுக்காகச் சில குறிப்புகள்:

1. ஐஸ் போலக் குளிரவைக்கக்கூடாது. 10 முதல் 12 டிகிரி போதும். அதிகக் குளிரில் மணம் ஒளிந்துகொள்ளும்.

2. தனியே அருந்துவதைவிட உணவோடு சேரும்போதுதான் இதன் அருமை தெரியும். அங்கே சிப்பி, மீன், ஆட்டுப்பால் சீஸ். நம் பக்கத்தில் காரம் குறைந்த மீன் வறுவல் பொருந்தும். மிளகாய்க் காரம் இதன் மென்மையைக் கொன்றுவிடும்.

3. நம் நாட்டு வெயில் இதற்குப் பகை. கோடையில் மின்விசிறி மட்டும் உள்ள கடையில் மாதக்கணக்கில் நின்ற பாட்டிலை நான் ஒருமுறை ஏமாந்து வாங்கியிருக்கிறேன். நிறம் கருத்து, வெந்த ஆப்பிள் வாசனை அடித்தது. அதைக் குடித்துவிட்டு ஷப்லியே மோசம் என்று முடிவு கட்டக்கூடாது.

4. பழகாதவர்கள் இதற்காகப் பழகவேண்டியதில்லை. இது மருந்தும் அல்ல, நாகரிகத்தின் அடையாளமும் அல்ல.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். சர்க்கரை இல்லை, புளிக்கிறது, இதில் என்ன இருக்கிறது? சர்க்கரை எல்லாம் கரைந்துபோன பிறகு எது மிஞ்சுகிறதோ அது இருக்கிறது: ஒரு சரிவின் மண், ஓர் ஆண்டின் வெயிலும் பனியும், விற்றுவிட்டுப் போகாத ஒரு குடும்பத்தின் உழைப்பு. மறைக்க எதுவும் இல்லாததால் எல்லாம் தெரிகிறது.

ஊரில் இன்னும் பங்கு பிரியாத ஒரு துண்டு நிலமாவது வைத்திருக்கும் வாசகர்கள் நம் சங்கத்தில் பலர் உண்டு. பிரான்ஸ் நாட்டுச் சட்டம் நமக்குப் பொருந்தாது. ஆனால் தங்கியவரும் சென்றவரும் உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்ளும் ஓர் ஏற்பாடு எந்த நாட்டுக்கும் பொருந்தும். அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, ஊரில் இருக்கும் உடன்பிறப்பு சொல்வதை ஒருமுறை முழுதாகக் கேட்டுவிட்டு வாருங்கள். நான் கேட்கவில்லை.